ஐந்து முத்திரை வாங்கிய கதை

வாருங்கள் கண்ணுகளா, கிட்டே வந்து உட்காருங்கள். கால் வலித்தால் நீட்டிக்கொள்ளுங்கள், யாரும் குறை சொல்லப் போவதில்லை. இன்றைக்கு உங்களுக்கு, ஒரு கதைக்கு அனுமதி வாங்கப் போன மனிதரைப் பற்றிச் சொல்லப் போகிறேன். அவர் திருடவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை. ஒரு பெண்ணைப் படகில் ஏற்றி நட்டாற்றில் நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். அதற்கு அவர் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் சக்கர நாற்காலி தள்ளுவது அவருக்கு வேலை. சம்பளப் பட்டியலில் வேறு ஏதோ பெயர் இருந்தது. அது அவருக்கே சட்டென்று ஞாபகம் வராது. ஆஸ்பத்திரி முழுக்க அவரைச் சக்கரம் என்றுதான் கூப்பிட்டது. இரண்டாவது மாடியில் டயாலிசிஸ் கூடம். எட்டு நாற்காலிகள், எட்டு மெஷின்கள். சிறுநீரகம் கைவிட்டவர்கள் செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் வந்து சாய்ந்து கிடப்பார்கள். ரத்தம் ஒரு குழாய் வழியே வெளியே போய், மெஷினில் குளித்துவிட்டு, இன்னொரு குழாய் வழியே வீடு திரும்பும். நான்கு மணி நேரம். கையை அசைக்கக் கூடாது. அரிக்கும், கால் இழுக்கும், தாகம் எடுக்கும். ஒரு நாளைக்கு இரண்டு டம்ளருக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று டாக்டர் வேறு சொல்லியிருப்பார்.

ஒன்றாம் எண் நாற்காலி டிரைவர் அண்ணனுடையது. முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டியவர். உட்கார்ந்தே இருப்பது அவருக்குப் புதிதில்லை. ஸ்டியரிங் இல்லாமல் உட்கார்ந்திருப்பதுதான் தாங்கவில்லை. இரண்டு மணி நேரம் ஆனதும் "எடும்மா ஊசியை" என்று சத்தம் போடுவார். டாக்டர் சொல்லிப் பார்த்தார், மகள் அழுது பார்த்தாள். பாதி கழுவிய ரத்தத்தோடு எழுந்து போய்விடுவார். இப்படியே போனால் ஒரு மாதம் தாங்காது என்று டாக்டர் மகளிடம் சொல்லிவிட்டார்.

ஒரு நாள் அவரைக் கீழே கொண்டுபோய் விட வந்த சக்கரம், சும்மா நிற்க மாட்டாமல், "ஒரு பொண்ணு இருந்தா அண்ணே, ஆத்துக்கு இக்கரையில..." என்று ஆரம்பித்தார். அவ்வளவுதான். நான்கு மணி நேரம் முடிந்து மெஷின் கூவியபோது டிரைவர் அண்ணன், "இன்னும் ஒரு கால் மணி நேரம் ஓட்டும்மா, இப்ப என்ன கெட்டுப்போச்சு?" என்றார். நர்சம்மா மெஷினைத் தட்டிப் பார்த்தாள். மெஷின் சரியாகத்தான் இருந்தது.

அன்று முதல் அந்தக் கூடத்துக்கு ஒரு வழக்கம் வந்தது. எட்டுப் பேருக்கும் ஊசி ஏறியதும் கதை தொடங்கும். நடுவில் யாரையாவது தள்ளிக்கொண்டு போகக் கூப்பிட்டால் சக்கரம் போய்விட்டு ஓடி வந்து விட்ட இடத்தில் பிடிப்பார். டிரைவர் அண்ணனின் மெஷின் கூவியதும் கதை நிற்கும். எந்த இடமானாலும் நிற்கும். வாய்க்குள் பாதி வார்த்தை இருந்தால் மீதி அடுத்த முறைக்குத்தான். முன்னே பின்னே கேட்டால் சொல்ல மாட்டார். டீச்சரம்மா, மூன்றாம் எண் நாற்காலி, ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர், அடுத்து என்ன என்பதை இரண்டு விதமாக ஊகித்து எழுதி வைத்திருப்பார். இரண்டுமே தப்பாகப் போகும். ஆனாலும் அடுத்த முறை எழுதுவார்.

இரண்டு டம்ளர் தண்ணீர்க்காரர்களுக்கு ஆற்றுக் கதை. எப்படி இனிக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கதை இதுதான். அக்கரையில் மகளுக்குப் பிரசவ வலி. இக்கரையில் தாய். நடுவில் வெள்ளம். இருப்பது ஒரே படகு. அதை ஓட்டுகிறவன் அவள் கூடப் பிறந்த அண்ணன். இருவரும் பன்னிரண்டு வருஷமாக முகம் பார்ப்பதில்லை. "உனக்கு ஓட்ட மாட்டேன்" என்று அவன் துடுப்பை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டான். அவள் படகை அவிழ்த்தாள். ஒரு பலகையைத் துடுப்பாக வைத்துக்கொண்டு தனியாக இறங்கினாள். நட்டாற்றில் பார்த்தால் படகின் அடியில் ஓட்டை. தண்ணீர் கணுக்கால் வரை வந்துவிட்டது. திரும்பிப் பார்க்கிறாள். அண்ணன் ஆற்றில் குதித்து நீந்தி வருகிறான். அவன் கையில் துடுப்பு.

"அடிக்கவா, கொடுக்கவா?" என்றார் சக்கரம்.

மெஷின் கூவியது.

"ஐயோ பாவி!" என்று எட்டு நாற்காலிகளும் ஒரே குரலில் கத்தின. ஒரு சனிக்கிழமை அது. அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் ஒரு காகிதத்தோடு உள்ளே வந்தார். கதை ஒழுங்குத் துறையிலிருந்து வந்த சுற்றறிக்கை. பொதுக் கட்டடங்களில் மூன்று பேருக்கு மேல் கேட்கும்படி சொல்லப்படும் கதைகள் எல்லாவற்றுக்கும் துறையின் அனுமதி வேண்டும். கதைகளில் ஒருவரை ஒருவர் எதிர்க்கும் போக்கு பெருகிவருவது துறையின் கவனத்துக்கு வந்திருக்கிறது. ஒன்பதாவது பிரிவு மட்டும் கொஞ்சம் இரக்கம் காட்டியது: நடந்ததை நடந்தபடி சொல்வது கதை ஆகாது, அதைக் கேட்க யாருக்கும் ஆர்வம் இருக்காது என்பதால் அனுமதி தேவையில்லை.

"அப்ப செவ்வாக்கிழமை கதை?" என்றார் டிரைவர் அண்ணன்.

"அனுமதி வாங்கிட்டுச் சொல்லட்டும்" என்றார் கண்காணிப்பாளர்.

"சக்கரம், நல்லாக் கேட்டுக்க. அந்தப் பொண்ணு கரை ஏறுற வரைக்கும்தான் நான் இங்க வருவேன். அவ அங்கேயே நிக்கறான்னா நானும் வீட்லயே இருந்துக்கறேன்."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது சக்கரத்துக்குத் தெரியும். நர்சம்மாவுக்கும் தெரியும்.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டுச் சக்கரம் துறைக்குப் போனார். மூன்று தளக் கட்டடம். தரைத்தளத்தில் ஆதரவுப் பிரிவு, முதல் மாடியில் எதிர்ப்புப் பிரிவு, இரண்டாவது மாடியில் சமரசப் பிரிவும் இயக்குநர் அறையும். முதல் மாடிக்கும் இரண்டாவது மாடிக்கும் நடுவில், படி திரும்புகிற இடத்தில், சாம்பல் நிற இரும்பு பீரோ ஒன்று வழியை அடைத்துக்கொண்டு நின்றது. போகிறவர் வருகிறவர் எல்லாரும் வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில் நுழைந்து போனார்கள். ஒருவர்கூட அதை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

ஆதரவுப் பிரிவில் ஓர் அம்மா உட்கார்ந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கதையில அந்தப் பொண்ணுக்கு ஆதரவா யாரு இருக்காங்க?"

"யாருமே இல்லைங்கம்மா. அதுதான் கதையே."

"அப்ப நமக்கு வேலை இல்லை." 'ஆதரவு இல்லை' என்று முதல் முத்திரையைக் குத்திக் கொடுத்தார். "இவ்வளவு சீக்கிரமா இங்க யாருக்கும் வேலை முடிஞ்சதில்லை. அதிர்ஷ்டக்காரர் நீங்க."

முதல் மாடியில் எதிர்ப்புப் பிரிவு அதிகாரி ஒல்லியானவர். காதில் ஒரு சிவப்புப் பென்சில், கையில் ஒரு சிவப்புப் பென்சில்.

"பொண்ணை எதிர்க்கறது யாரு யாரு?"

"ஆறு எதிர்க்குதுங்க. அண்ணன் எதிர்க்கறாரு. அப்புறம் படகுல ஓர் ஓட்டை."

அதிகாரி பென்சிலை மேஜைமேல் வைத்துவிட்டார். "மூணு! ஒரு கதைக்கு அரை எதிர்ப்புதான்யா அனுமதி."

"அரை எதிர்ப்புன்னா எப்படிங்க சார்?"

"மனசுக்குள்ள எதிர்த்துக்கலாம். வெளியில காட்டக் கூடாது. நாங்க எல்லாம் அப்படித்தான வேலை பார்க்கறோம்?"

மூன்று எதிர்ப்பாளர்களும் தாங்கள் அந்தப் பெண்ணை எதிர்க்கவில்லை என்று தனித்தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார் அவர். ஆற்றுக்காகத் தண்ணீர் வாரியம் எழுதித் தரலாம். ஓட்டைக்கு ஒரு தச்சரிடம், அதற்கு உள்நோக்கம் எதுவும் இல்லை என்று வாங்கி வர வேண்டும். அண்ணன் மட்டும் புதன்கிழமை நேரில் வந்தாக வேண்டும்.

"சார், அவன் கதையில வர்றவன்."

"எங்க வர்றான்னு நான் கேக்கலை. எத்தனை மணிக்கு வருவான்னு சொல்லுங்க."

அன்று சாயங்காலம் வீட்டில் இதை எல்லாம் சொன்னபோது மனைவி துணி மடிப்பதை நிறுத்திவிட்டாள். "ஏங்க, நீங்க கதைக்கு அனுமதி கேக்கப் போனீங்களா, அந்த அண்ணன் தங்கச்சிக்குப் பஞ்சாயத்து பண்ணப் போனீங்களா?"

"டிரைவர் அண்ணனுக்காகத்தான் பார்க்கறேன்."

"அவர் பஸ்ஸை ஓட்டினப்பகூட இவ்வளவு பேரை நிறுத்தி ஏத்தியிருக்க மாட்டாரு" என்றாள். ஆனாலும் மறுநாள் அவருடைய சட்டையை அவளே தேய்த்து வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை கூடத்தில் மெஷின்களின் சத்தம் மட்டும். மூன்று மணி நேரத்தில் டிரைவர் அண்ணன் ஊசியை எடுக்கச் சொல்லிவிட்டார். போகும்போது சக்கரத்தைப் பார்த்து, "தண்ணி கணுக்காலைத் தாண்டியிருக்கும்ல?" என்று மட்டும் கேட்டார்.

புதன்கிழமை தண்ணீர் வாரியம் கடிதம் கொடுத்தது: 'மேற்படி ஆறு எங்கள் பதிவேட்டில் இல்லை. இல்லாத ஆறு யாரையும் எதிர்க்க வாய்ப்பில்லை.' ஆஸ்பத்திரித் தச்சர் ஒரு சீட்டில், 'ஓட்டை தானாக விழுந்தது, நல்ல ஓட்டை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எதிர்ப்புப் பிரிவு அதிகாரி இரண்டையும் வாங்கிக் கோப்பில் வைத்தார். பிறகு பியூன் வராந்தாவில் நின்று கூப்பிட்டான்.

"படகோட்டி! படகோட்டி! படகோட்டி!"

யாரும் வரவில்லை. அதிகாரிக்கு இது ஒன்றும் புதிதில்லை. "எதிர்த் தரப்பு வராட்டி துறையே ஒருத்தரைப் போட்டுக்கும். கேக்காம முடிவு பண்ணிட்டோம்னு பேச்சு வரக் கூடாது பாருங்க" என்று சொல்லி, மூலையில் உட்கார்ந்திருந்த எழுத்தரைக் காட்டினார். "இன்னையிலிருந்து நீர்தான்யா படகோட்டி. சத்தியப் பிரமாணம் எடுத்துக்கும்."

அந்த எழுத்தர் பதினான்கு வருஷமாக வருகிற தபாலுக்கு எண் போட்டுக்கொண்டிருந்தவர். இத்தனை வருஷத்தில் யாரும் அவரிடம் எதையும் கேட்டதில்லை. எழுந்து நின்று, வலது கையை உயர்த்தி, படகோட்டியாகிய நான் சொல்வதெல்லாம் உண்மை என்று உறுதி எடுத்துக்கொண்டார். உட்காரும்போது அவர் முகமே மாறியிருந்தது. பேனாவைத் துடுப்பு மாதிரி பிடித்திருந்தார்.

சக்கரத்திடம் அவர் கேட்ட முதல் கேள்வி இது: "எனக்கும் என் தங்கச்சிக்கும் என்ன சண்டைங்க?"

"அது இன்னும் வரலைங்க, பின்னால வரும்."

"பன்னிரண்டு வருஷமா பேசலைன்னு ஊரெல்லாம் சொல்லத் தெரியுது. ஏன் பேசலைன்னு ஒருத்தனாவது என்னைக் கேட்டானா?" எழுத்தர் நிஜமாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை டிரைவர் அண்ணன் இரண்டு மணி நேரத்தில் எழுந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை சமரசப் பிரிவில் விசாரணை. அங்கே அதிகாரி பருமனானவர், சிரித்த முகம். எதைச் சொன்னாலும் "நமக்குள்ள என்ன?" என்பார். எழுத்தர் படகோட்டியாக நின்று ஒரு மணி நேரம் பேசினார். அம்மா செத்தபோது தங்கை தன்னிடம் சொல்லி அனுப்பவில்லை என்றார். அதைச் சக்கரமே அப்போதுதான் கேள்விப்பட்டார். "தங்கச்சி முதல்ல மன்னிப்புக் கேக்கட்டும்" என்று எழுத்தர் மேஜையைத் தட்டினார். "நமக்குள்ள என்ன, கேட்டுட்டதா எழுதிக்குவோம்" என்று அதிகாரி எழுதிக்கொண்டார். தண்ணீர்? வற்றிவிட்டதாக எழுதினார். ஓட்டை? அடைத்துவிட்டதாக எழுதினார். ஒரு மணி நேரத்தில் கதை ஒரு பக்கமாகச் சுருங்கி, மூன்றாவது முத்திரை தயாராக இருந்தது.

"இரண்டாவது முத்திரை எதிர்ப்புப் பிரிவுது. சமரசம் ஆனப்புறம்தான் அதைப் போடுவாங்க, ஆனா அது இல்லாம மூணாவது போட முடியாது. கோப்பை பீரோவுல வைக்கறோம், அவங்க எடுத்துக்கட்டும்" என்றார்.

படியில் நின்ற அந்த பீரோ யாருடையது தெரியுமா, கண்ணுகளா? வாங்கியது சமரசப் பிரிவு. தூக்கி வந்தவர்கள் களைத்துப்போய் முதல் மாடிக்கு மேலே, படித் திருப்பத்தில் இறக்கிவிட்டுப் போனார்கள். தங்கள் எல்லைக்குள் நிற்கிறது என்று எதிர்ப்புப் பிரிவு சாவியை எடுத்துக்கொண்டது. சாவி போனால் போகட்டும் என்று சமரசப் பிரிவு, கோப்பு போடுவதற்குக் கதவிலேயே ஓர் இடுக்கு வெட்டிக்கொண்டது. ஆக, இவர்கள் உள்ளே போடலாம். அவர்கள் மட்டும்தான் திறக்கலாம். திறக்க மாட்டார்கள். ஆறு வருஷமாக இரண்டு அதிகாரிகளும் பேசுவதில்லை. ஒருவருக்கு ஒருவர் பியூன் வழியாகக் கடிதம் எழுதுவார்கள். எல்லாக் கடிதமும் 'நல்லிணக்கத்துடன்' என்று முடியும்.

சக்கரத்தின் கோப்பு பீரோவுக்குள் போனது. உள்ளே 'டக்' என்று விழுந்தது.

சனிக்கிழமை ஒன்றாம் எண் நாற்காலி காலியாகவே இருந்தது. நர்சம்மா மூன்று முறை போன் பண்ணினாள். எடுத்த மகள், "அப்பா வர மாட்டேங்கறாரு சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு அழுதாள். காலி நாற்காலி பக்கத்தில் மெஷின் விளக்கு மட்டும் பச்சையாக மின்னிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சக்கரம் அவர் வீட்டுக்குப் போனார். டிரைவர் அண்ணன் ஜன்னலோரம் தலையணையை அணைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டியது. காலில் செருப்பு நுழையவில்லை. முகம் ஊதிக் கண் சிறுத்திருந்தது.

"அண்ணே, இது நல்லா இல்லை. வாங்க போகலாம், இப்பவே நர்சம்மாகிட்டச் சொல்லி..."

"கதை இருக்கா?"

"பீரோவுல இருக்கு அண்ணே."

டிரைவர் அண்ணன் சிரிக்கப் போய் இருமினார். "முப்பத்தோரு வருஷத்துல நடு வழியில ஒருத்தரைக்கூட இறக்கி விட்டுட்டுப் போனதில்லடா நான். அவ நட்டாத்துல நிக்கறா. என்னை மட்டும் கரை ஏத்திக் கொண்டுபோறேங்கற."

"செவ்வாக்கிழமை கதை இருக்கும். சத்தியமா."

"அப்ப செவ்வாக்கிழமை வர்றேன். இல்லாட்டி அதுக்கப்புறம் கூப்பிடாத."

திங்கட்கிழமை சக்கரம் நேராக இயக்குநர் அறைக்கே போய்விட்டார். நாற்காலி தள்ளுகிறவருக்குக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போகத் தெரியாதா என்ன? இயக்குநர் கோபப்படவில்லை. அவருக்கு வேறொரு கணக்கு. துறை தொடங்கிப் பதினைந்து வருஷத்தில் ஒரு கதைகூட முழுதாக அனுமதி பெற்றதில்லை என்று மேலிடத்தில் கேள்வி வந்திருந்தது. "முதல் அனுமதி! அதை ஆஸ்பத்திரியிலேயே விழாவா வெச்சுடுவோம். நாளைக்கே!" என்றார். பீரோவைத் திறக்கச் சொன்னார். சாவி வரவில்லை, கடிதம் வந்தது. கடப்பாரை போட்டு உடைக்கச் சொன்னார். பியூன் உடைத்தான். சாயங்காலத்துக்குள் இரண்டாவது முத்திரையும் மூன்றாவது முத்திரையும் விழுந்தன. நான்காவது இயக்குநருடையது. முந்திய நான்கும் உண்மையான முத்திரைகள்தான் என்பதற்கு ஐந்தாவது முத்திரை.

செவ்வாய்க்கிழமை கூடத்தில் பூங்கொத்து, பேனர், மைக். நர்சம்மா எத்தனை சொல்லியும் மைக்கை வெளியே எடுக்க மாட்டேன் என்றார்கள். டிரைவர் அண்ணனைச் சக்கரம் தள்ளிக்கொண்டு வந்தபோது அவர் கண்ணைத் திறக்கவே சிரமப்பட்டார். ஊசி ஏறியது. மெஷின் ஓடியது. "நாலு மணி நேரம் முழுசா வேணும், இன்னைக்குக் குறைஞ்சா உள்ள படுக்க வெக்கற நிலைமைதான்" என்று நர்சம்மா சக்கரத்தின் காதில் சொன்னாள்.

இயக்குநர் பேசினார்.

"அன்பு நோயாளிகளே! மோதலே இல்லாத கதையை உருவாக்குவது எங்கள் துறையின் லட்சியம். இந்த லட்சியத்தை எதிர்த்தவர்கள் பதினோரு பேர். ஒருவரையும் நான் விட்டுவைக்கவில்லை. முதலாமவர் எனக்கு முன்னால் இருந்த இயக்குநர். அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மறுத்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவர் மதியச் சாப்பாட்டுக்குப் போகிற வரைக்கும் கதவுக்குப் பின்னால் நின்றேன்..."

எட்டு நாற்காலிகளிலும் தலைகள் நிமிர்ந்தன.

"அப்புறம்?" என்றார் டிரைவர் அண்ணன், ஈனக் குரலில்.

இயக்குநர் நெகிழ்ந்துபோனார். ஆனால் நேரம் இல்லை என்று சொல்லி மைக்கைச் சக்கரத்திடம் கொடுத்தார். சக்கரம் அனுமதிக்கப்பட்ட கதையை வாசித்தார்.

"ஒரு பெண் அக்கரைக்குப் போக விரும்பினாள். அண்ணனிடம் கேட்டாள். அவர் மகிழ்ச்சியுடன் சம்மதித்தார். ஆறு அமைதியாக இருந்தது. படகு நல்ல நிலையில் இருந்தது. அவள் போய்ச் சேர்ந்தாள். அனைவரும் ஏற்கெனவே நலமாக இருந்தார்கள்."

அதிகாரிகள் கை தட்டினார்கள். நோயாளிகள் தட்டவில்லை, ஒரு கையில் ஊசி இருந்தது என்பது மட்டும் காரணம் இல்லை.

"எல்லாரும் நல்லா இருந்தா அவ எதுக்கு அக்கரைக்குப் போனா?" என்று டீச்சரம்மா கேட்டார்.

டிரைவர் அண்ணன் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதுக்காடா சத்தியம் பண்ணின?" கோபம்கூட இல்லை அந்தக் குரலில். அதுதான் சக்கரத்தைக் குத்தியது. டிரைவர் அண்ணனின் இடது கை மெதுவாக வலது கைக்குப் போனது. ஊசிமேல் ஒட்டியிருந்த பிளாஸ்திரியின் ஓரத்தை நகத்தால் நெம்பினார். நர்சம்மா ஓடி வந்தாள்.

அந்த நேரத்தில்தான் சமரசப் பிரிவு அதிகாரி, நினைவுப் பரிசு வாங்கக் கூப்பிட்ட வரிசையில் எதிர்ப்புப் பிரிவு அதிகாரிக்குப் பின்னால் நிற்க வேண்டியிருப்பதைக் கண்டார்.

"பீரோவை உடைச்சவங்களுக்கு முதல் மரியாதையா?"

"யாருய்யா உடைச்சது? பியூன் உங்க மாடி ஆளு!"

"கடப்பாரை உங்க மாடியோடது!" என்று கத்திய சமரசப் பிரிவு அதிகாரி அதோடு நிறுத்தவில்லை.

"ஆறு வருஷமா சாவியை இடுப்புல சொருகிக்கிட்டுத் திரிஞ்சவன் பேசறான்!"

"நமக்குள்ள என்னன்னு சிரிச்சுச் சிரிச்சே கழுத்தை அறுக்கறவன் நீ!"

ஒருவர் பூங்கொத்தால் அடித்தார். மற்றவர் நினைவுப் பரிசால் தடுத்தார். இயக்குநர் நடுவில் புகுந்து "அமைதி! நல்லிணக்கம்!" என்று கத்தி, இரண்டு பக்கமும் ஓர் அடி வாங்கினார். பேனர் கிழிந்து மூன்று பேர்மேலும் விழுந்தது. அதற்குள்ளிருந்தபடியே அடிதடி தொடர்ந்தது. யார் எந்த மாடி என்று வெளியிலிருந்து தெரியவில்லை.

பிளாஸ்திரியில் இருந்த கை அப்படியே நின்றுபோயிற்று. டிரைவர் அண்ணனின் கண்கள் அகலத் திறந்திருந்தன. தையல்காரர், ஐந்தாம் எண், "ஒல்லிதான் ஜெயிப்பாரு, பாருங்க" என்றார். "சான்ஸே இல்லை, குண்டு கைல கனம் இருக்கு" என்றார் டீச்சரம்மா.

ஆஸ்பத்திரிக் காவலாளிகள் வந்து அவர்களைக் கூட்டிக்கொண்டு போன பிறகு கூடம் அமைதியானது. மணி பார்த்தால் ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது. இன்னும் மூன்று மணி நேரம்.

"சக்கரம்" என்றார் டிரைவர் அண்ணன். "அந்த பீரோ விஷயம் என்னடா?"

சக்கரம் சுவரில் ஒட்டியிருந்த சுற்றறிக்கையைப் பார்த்தார். ஒன்பதாவது பிரிவு. நடந்ததை நடந்தபடி சொல்வது கதை ஆகாது. அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஒரு பீரோ இருந்துச்சு அண்ணே. படித் திருப்பத்துல..."

சுருக்கிச் சொல்லவில்லை அவர். ஆதரவுப் பிரிவு அம்மாவின் நகத்தைச் சொன்னார். அரை எதிர்ப்பைச் சொன்னார். இல்லாத ஆற்றின் கடிதத்தை வரி வரியாகச் சொன்னார். தச்சரின் நல்ல ஓட்டைக்குத் தையல்காரர் சிரித்த சிரிப்பில் அவர் மெஷின் அலறியே விட்டது. அனுமதி வேண்டும் என்கிறவர் ஒரு பக்கம், கொடுக்க மாட்டேன் என்கிறவர்கள் ஒரு பக்கம், நடுவில் படியில் பீரோ, பீரோவுக்குள் ஒரு பெண் நட்டாற்றில். டிரைவர் அண்ணன் பிளாஸ்திரியைத் தானே அழுத்தி ஒட்டிக்கொண்டார்.

"கடப்பாரையை ஓங்கினான் பியூன். அப்ப பீரோவுக்குள்ளேருந்து..."

மெஷின் கூவியது.

"டேய்!" என்று கத்தினார் டிரைவர் அண்ணன். கத்துகிற அளவுக்கு மூச்சு வந்திருந்தது. "உள்ளேருந்து என்ன?"

"வியாழக்கிழமை அண்ணே."

வியாழக்கிழமை ஊசி போட வந்த நர்சம்மாவுக்கு முன்னாலேயே டிரைவர் அண்ணன் நாற்காலியில் கையை நீட்டி உட்கார்ந்திருந்தார். கால் வீக்கம் பாதி இறங்கி, செருப்பு போட்டு வந்திருந்தார். எட்டாவது ஊசி ஏறியதும் கதவருகே ஒருவர் தயங்கித் தயங்கி நின்றார். எழுத்தர். கையில் துறையின் ஒரு கோப்பு.

"யாரு வேணும்?" என்றாள் நர்சம்மா.

"நான்... படகோட்டிங்க."

எட்டுத் தலைகளும் திரும்பின. எழுத்தர் சக்கரத்திடம் வந்து தாழ்ந்த குரலில் பேசினார். "அண்ணே, வேலைல இருந்து என்னை இன்னும் விடுவிக்கலை. ஆர்டர் போடறதுக்கு அவங்க ரெண்டு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போடணுமாம். அதனால இன்னும் நான்தான் படகோட்டி. வெள்ளிக்கிழமையிலிருந்து சாப்பாடு இறங்கலை. கையில துடுப்போட தண்ணியிலேயே நிக்கறேன். நான் அடிக்கப் போறேனா, கொடுக்கப் போறேனா? நீங்களாவது சொல்லுங்க."

சக்கரம் தலையைச் சொறிந்தார். "சொல்லக் கூடாதே. அனுமதி வாங்கின கதையில நீங்கதான் மகிழ்ச்சியோட சம்மதிச்சுட்டீங்களே."

டீச்சரம்மா கையைத் தூக்கினார். கணக்கு டீச்சர் அல்லவா? "தம்பி, நீங்க சத்தியப் பிரமாணம் எடுத்துத்தான படகோட்டி ஆனீங்க?"

"ஆமாங்க. பதிவாயிருக்கு." கோப்பைக் காட்டினார்.

"அப்ப நீங்க சொல்றது கதை இல்லை. வாக்குமூலம். நடந்ததை நடந்தபடி சொல்றது. ஒன்பதாவது பிரிவு."

டிரைவர் அண்ணன், "ஒரு ஸ்டூல் போடுங்கப்பா அவருக்கு!" என்றார். சக்கரமே தன் ஸ்டூலைக் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். இத்தனை நாள் தள்ளிக்கொண்டே இருந்தவருக்கு உட்கார்ந்து கேட்பது புதிதாக இருந்தது.

பதினான்கு வருஷம் தபாலுக்கு எண் போட்டவர் பேச ஆரம்பித்தார். குதித்தபோது அடிக்கத்தான் குதித்தாராம். தண்ணீரின் குளிர் நெஞ்சில் ஏறியபோதும் அடிக்கத்தானாம். பாதி வழியில் பெரிய சுழல். அதில் சிக்கி மூன்று முறை மூழ்கினாராம். மூன்றாம் முறை மேலே வந்தபோது, படகிலிருந்து தங்கை பலகையை அவர் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தாளாம். தனக்கு இருந்த ஒரே துடுப்பை. பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவள் அவரை "அண்ணே" என்று கூப்பிட்டாளாம்.

"நான் அவளைப் பார்த்தேன்" என்றார் எழுத்தர். "என் கையில துடுப்பு. அவ கையில பலகை. நான் கையை ஓங்கினேன். ஓங்கிட்டு..."

ஒன்றாம் எண் மெஷின் கூவியது.

எழுத்தர் வாயை மூடிக்கொண்டார். அந்தக் கூடத்தின் வழக்கம் அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவராகவே கண்டுகொண்டார்.

டிரைவர் அண்ணன் கண்ணை மூடிச் சாய்ந்தார். பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"சனிக்கிழமை லேட் பண்ணாதய்யா, படகோட்டி. நான் ஏழு மணிக்கே வந்துருவேன்."

துறைக் கட்டடத்தில் அந்த பீரோ இன்றும் படித் திருப்பத்தில்தான் நிற்கிறதாம், கதவு இல்லாமல். அதை எடுக்கவேண்டும் என்று ஒரு பிரிவும் எடுக்கக் கூடாது என்று இன்னொரு பிரிவும் கடிதம் எழுதிக்கொண்டிருக்கின்றன, நல்லிணக்கத்துடன்.

எழுந்திருங்கள் கண்ணுகளா, வீட்டில் தேடுவார்கள். உங்கள் வீட்டுக்குள் எந்த பீரோவும் வழியை மறிக்காமல் இருக்கட்டும். உங்கள் வீட்டு ஆட்கள் கோபித்துக்கொண்டு போனாலும் பாதி வழியில் திரும்பிப் பார்க்கட்டும். உங்களை நோக்கி யார் துடுப்போடு நீந்தி வந்தாலும், வந்து சேரும்போது அது கொடுக்க நீட்டிய துடுப்பாகவே இருக்கட்டும். நன்றாக இருங்கள்.